நாள் கடந்த ஊதியம்

தொழில் செய்து வாழ்வோர் இரு வகையினர். பொருளைக் கொடுத்துக் காசு பெறுவோர் ஒரு வகை. உழைப்பைக் கொடுத்துக் காசு பெறுவோர் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு இயல்பாகவே ஒரு காப்பு உண்டு. அரிசியை அளந்து பையில் கொட்டுமுன் கடைக்காரர் விலையைக் கேட்கலாம். வாங்குபவர் தயங்கினால் அரிசியை மீண்டும் மூட்டையில் சேர்த்துவிடலாம். உழைப்பை விற்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. தைத்த நாழிகையைத் தையற்காரர் திரும்பப் பெற முடியாது. கல்யாண வீட்டில் சமைத்துப் பரிமாறிய சமையற்காரர் உண்டவர் வயிற்றிலிருந்து தம் கைவண்ணத்தை மீட்க முடியாது. கணக்கெழுதுபவர், கடிகாரம் பழுது பார்ப்பவர், அச்சகத்தார், மின்கம்பி பொருத்துபவர், வீணை கற்பிக்கும் ஆசிரியை ஆகிய அனைவரும் முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பெறுபவர்கள். கொடுத்ததற்கும் பெறுவதற்கும் இடையே கழியும் நாட்களில்தான் அவர்களுடைய வாழ்வு ஊசலாடுகிறது.

நம் குடியிருப்பைச் சுற்றிப் பார்ப்போமாயின், இத்தகைய சிறு தொழில் செய்பவர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவர்களைப் பணி கொள்ளாத வீடும் இல்லை. சிறு தொழில் ஒன்று மூடப்பட்டது என்று கேள்விப்படும்போது, ‘வேலை வரவில்லை போலும்’ என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் உண்மை அதுவன்று. வேலை நிரம்ப வந்திருக்கும். செய்த வேலைக்குப் பணம்தான் வந்திராது. கடை வாடகையும், நூல் விலையும், உதவியாளின் கூலியும் மாதந்தோறும் தவறாமல் வந்து கதவைத் தட்டும். வாடிக்கைக்காரரின் பணமோ ‘அடுத்த வாரம்’ என்ற சொல்லாகவே வந்து நிற்கும்.

இது இன்று தோன்றிய இடர் அன்று. இதற்கு ஈராயிரம் ஆண்டுக் கால வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில ஏடுகள் நாம் வாழும் இத்திருவனந்தபுரத்திலேயே எழுதப்பட்டன என்பதும், அவற்றில் தமிழர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன என்பதும் நாம் அறியத்தக்கவை.

ஆசையை நம்பி உழைப்போர்

திருநெல்வேலிச் சீமையில் தருவை என்னும் ஊரில் 1860-ஆம் ஆண்டு பிறந்தவர் மகாமகோபாத்தியாய தி. கணபதி சாஸ்திரியார். திருவனந்தபுரத்திற்கு வந்து, இங்கிருந்த வடமொழி நூல் வெளியீட்டுத் துறைக்குத் தலைமை தாங்கியவர். பாசனுடையவை என்று அறியப்பட்ட நாடகங்களைக் கண்டெடுத்து உலகுக்கு அளித்தவர் என்பதைப் பலரும் அறிவர். அவர் செய்த மற்றொரு பெருஞ்செயல், கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தைத் தம் உரையுடன் 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக இந்நகரிலிருந்தே வெளியிட்டது. அந்நூலை 1909-இல் மைசூரில் முதன்முதலாகப் பதிப்பித்தவர் ஆர். சாமசாஸ்திரியார். ஆயினும், கணபதி சாஸ்திரியாரின் உரை, கேரள நாட்டில் வழங்கிவந்த பழைய உரையின் துணையுடன் பல அரிய இடங்களுக்குப் பொருள் விளக்கியது.

அரசியலும் போரும் பேசும் நூல் என்று மட்டுமே அர்த்தசாஸ்திரத்தைக் கருதுவோர், அதில் வண்ணானையும் தையற்காரரையும் பற்றிய விதிகளைக் கண்டு வியப்பர். கைவினைஞர், கலைஞர், கூத்தர், மருத்துவர், பணியாளர் முதலியோரைச் சேர்த்து அந்நூல் ஒரு பெயரிட்டு அழைக்கிறது. ‘ஆசாகாரிகர்’ என்பது அப்பெயர். ஊதியம் கிடைக்கும் என்னும் ஆசையை நம்பி உழைப்போர் என்பது இதன் கருத்து. சேவைத் தொழில் செய்யும் ஒவ்வொருவரின் நிலையையும் இதனினும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இவர்களுடைய ஊதியம் முன்கூட்டியே பேசப்படாதிருந்தால், அதே தொழிலைச் செய்யும் பிறர் பெறுவது எவ்வளவோ அவ்வளவையும், அல்லது அத்துறையில் வல்லார் மதிப்பிடும் தொகையையும் பெறவேண்டும் என்கிறது அந்நூல். வழக்கு நேர்ந்தால் சாட்சிகளைக் கொண்டு தீர்க்கவேண்டும். சாட்சி இல்லையேல் வேலை நடந்த இடத்திலேயே விசாரிக்கவேண்டும். ஊதியம் கொடாதவனுக்கு ஆறு பணம் வரை தண்டம். கொடுக்கவேண்டியதே இல்லை என்று மறுப்பவனுக்குப் பன்னிரண்டு பணம் வரை தண்டம். தாமதிப்பதைவிட மறுப்பது பெருங்குற்றம் என்று அன்றே பிரித்துணர்ந்தனர்.

அந்நூல் ஒரு பக்கம் மட்டும் சாயவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூலியைப் பெற்றுக்கொண்டு வேலை செய்யாதவனுக்கும் அதே பன்னிரண்டு பணம் தண்டம் விதிக்கப்பட்டது. வண்ணான் மரப்பலகையிலோ வழவழப்பான கல்லிலோதான் துணி துவைக்கவேண்டும். வேறிடத்தில் துவைத்துக் கிழித்தால் இழப்பீடும் தண்டமும் தரவேண்டும். வாடிக்கைக்காரரின் ஆடையைத் தான் உடுத்திக்கொண்டால் மூன்று பணம் தண்டம். இன்ன வகைத் துணியை இத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்று கெடுவும் உண்டு. வேலைக்கு நாள் உண்டு. ஊதியத்துக்கும் உறுதி உண்டு. இவ்விரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

இவ்வறத்தைச் சமயங்கள் யாவும் ஒரே குரலில் சொல்கின்றன. கூலியாளின் ஊதியத்தைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடவேண்டும் என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாடு காட்டும் நெறி. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கொடுக்கவேண்டும் என்பது இசுலாமிய மரபு. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே விளங்கும் பாளையத்துச் சந்திப்பைக் கடந்து செல்லும்போதெல்லாம் இந்த ஒற்றுமை நம் நினைவுக்கு வரவேண்டும்.

சாலைத் தெருவும் பற்றேடும்

இனி, நம் நகரின் அங்காடிக்கு வருவோம். கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் ராஜா கேசவதாசர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்து, இளமையில் ஒரு வணிகரிடம் கணக்கெழுதும் பணியில் இருந்து, அத்திறமையாலேயே அரண்மனைக்குள் புகுந்தவர் என்பது வழங்கிவரும் வரலாறு. 1789-இல் திருவிதாங்கூரின் திவானானார். கணக்கின் அருமை அறிந்தவர் அமைத்த கடைத்தெரு அது. கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய அவ்வங்காடியில் தென்பாண்டி நாட்டிலிருந்து வந்த தமிழ் வணிகர் நிலைகொண்டனர். சாலையிலும், வலியசாலையிலும், கரமனையிலும், கோட்டைக்குள்ளும் தமிழ் பேசும் குடும்பங்கள் வேர்விட்டன. வணிகரைப் பின்தொடர்ந்து தையற்காரரும், பொற்கொல்லரும், சமையற்காரரும், கணக்கரும் வந்தனர். 1904-இல் செங்கோட்டை வழியே கொல்லத்துக்கும், 1918-இல் திருவனந்தபுரத்துக்கும் புகைவண்டி வந்தபின் வருகை இன்னும் பெருகிற்று.

புதிய ஊரில் குடியேறியவனுக்கு முதல் மூலதனம் நம்பிக்கையே. முன்பின் அறியாதவனுக்கு யார் கடன் கொடுப்பர்? ஆகவே, பற்று வரவுக் கணக்கு என்பது வெறும் எழுத்துவேலையாக இல்லாமல், ஒருவன் நாணயத்தின் சான்றாக விளங்கிற்று. நாள்வழியில் அன்றன்றைய செயல்களை எழுதி, பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்த்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பது தமிழ் வணிகரின் முறை. எழுதாத கணக்கு கணக்காகாது. ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது நம் மொழியின் தனிச்சிறப்பன்றோ?

பழைய திருவிதாங்கூரில் பணம் கைமாறுவதில் மற்றொரு சிக்கலும் இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். ஆனால், ஆங்கிலேய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். ‘ஒரு ரூபாய்’ என்று மட்டும் சொல்லி வேலையைத் தொடங்கிவிட்டால், எந்த ரூபாய் என்ற வழக்கு முடிவில் எழும். ரூபாய்க்கு அரைச் சக்கரந்தானே என்று பெரியவர் எண்ணலாம். நாளெல்லாம் ஊசி பிடித்துச் சக்கரக் கணக்கில் கூலி பெற்றவருக்கு அந்த அரைச் சக்கரம் எட்டுக் காசாகும். தொகையையும் நாணயத்தையும் முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுவதே நன்று என்னும் பாடத்தை அக்காலத்தார் இவ்வாறு கற்றனர். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து, இந்திய நாணயமே எங்கும் செல்லும் நிலை வந்தபின் சக்கரம் மறைந்தது. பாடம் மறையவில்லை.

சர்க்காரே கடனாளியான கதை

சிறியவன் பெரியவனுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி நின்றால் என்ன ஆகும் என்பதற்கும், பெரியவன் சிறியவனுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் திருவிதாங்கூர் வரலாற்றிலேயே இரு சான்றுகள் உள்ளன.

தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது அரசின் கருவூலம் வறண்டிருந்தது. செலவைச் சுருக்கக் கருதிப் படைவீரர்களின் படிகளைக் குறைக்க முனைந்தார். 1804-இல் வீரர்கள் கலகம் செய்தனர். ஊதியத்தில் கை வைத்தால் வாள் பிடித்த கையும் திரும்பும் என்பதை அக்கலகம் காட்டிற்று. அதனை அடுத்து 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கம்பெனிக்குச் செலுத்தவேண்டியதாயிற்று. அத்தொகையை உரிய காலத்தில் கட்ட முடியவில்லை. பாக்கி வளர்ந்தது. ரெசிடெண்டு மெக்காலே நெருக்கினார். நெருக்கடி பகையாகி, 1809-இல் குண்டறைப் பிரகடனமாகவும், போராகவும், வேலுத்தம்பியின் மறைவாகவும் முடிந்தது. அப்போருக்குப் பாக்கி ஒன்றே காரணம் என்று கூறுவது பிழையாகும். அயலார் தலையீட்டின் மேல் எழுந்த சினமும் உடன் இருந்தது. ஆயினும், தலையிடுவதற்கு வாயில் திறந்துவிட்டது அந்தப் பாக்கிதான்.

கம்பெனிக்குத் தன் பாக்கியை வசூலிக்கப் பட்டாளம் இருந்தது. பட்டாளம் இல்லாத எளியவர் என் செய்வர்?

இதற்கு விடையாக அமைவது அரை நூற்றாண்டுக்குப் பிந்தைய கதை. மிளகு அன்று அரசின் தனியுரிமைப் பொருள். விளைவிப்பவர் தம் மிளகைச் சர்க்காருக்கே கொடுக்கவேண்டும். சர்க்கார் குறித்த விலையையே பெறவேண்டும். உத்திராடம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலத்தில் கருவூலம் மீண்டும் தளர்ந்தது. மிளகைக் கொடுத்த குடிகளுக்கு விலை நின்றது. சர்க்கார் ஊழியர்களின் சம்பளமும் நின்றது. சம்பளம் வாராத ஊழியன் குடிகளிடம் கை நீட்டுவான். விலை வாராத குடிகள் மிளகைக் கள்ளத்தனமாக வெளியே கடத்துவர். இவ்வாறு மேலே நின்ற பாக்கி, படிப்படியாகக் கீழே இறங்கி, நாட்டின் ஒழுக்கத்தையே அரித்தது. 1855-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் மகாராஜாவுக்கு ஆட்சிச் சீர்கேட்டைக் குறித்துக் கடும் எச்சரிக்கை விடுத்தது. நாட்டைக் கம்பெனியே எடுத்துக்கொண்டுவிடுமோ என்னும் அச்சம் அன்று நிலவிற்று. டல்ஹவுசி பிரபு பல நாடுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அந்நிலையில் திவான் பொறுப்புக்கு வந்தவர் கும்பகோணத்தில் 1828-இல் பிறந்த தஞ்சாவூர் மாதவராவ். இளவரசர்களுக்கு ஆசிரியராக 1849-இல் இந்நாட்டுக்கு வந்து, 1858-இல் முப்பது வயதில் திவானாக உறுதிபெற்றார். அவர் மாயம் எதுவும் செய்யவில்லை. நின்றுபோன பாக்கிகளைத் தீர்ப்பதையே ஆட்சியின் அடிப்படையாகக் கொண்டார். மிளகின் மேலிருந்த தனியுரிமையையும், பின்னர்ப் புகையிலையின் மேலிருந்த தனியுரிமையையும் நீக்கினார். வாணிகம் விரிந்தது, சுங்க வரவு பெருகிற்று, அரசின் பொதுக்கடன் தீர்ந்தது. ஊழியருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்தபின் ஊழலைக் கண்டிக்கும் உரிமையும் அரசுக்கு உண்டாயிற்று. திருவிதாங்கூர் ‘முன்மாதிரி அரசு’ என்று பாராட்டப்பெற்றதும், 1869-இல் இன்றைய தலைமைச் செயலகக் கட்டடம் எழுந்து நின்றதும் அவர் காலத்தில்தான். அச்செயலகத்தின் எதிரே அவருடைய சிலை நிற்கிறது. ‘ஸ்டாச்சு’ என்று நாம் நாள்தோறும் பேருந்தில் சொல்லி இறங்கும் இடத்துக்குப் பெயர் தந்தது அச்சிலையே. அங்கு இறங்குவோருள் எத்தனை பேர், ‘இவர் பாக்கி வைக்காதவர்’ என்று நினைத்துப் பார்க்கின்றனர்?

சட்டம் தந்த காப்புகள்

பட்டாளம் இல்லாதவனுக்குச் சட்டமே பட்டாளம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முதலில் ஆங்கிலேய இந்தியாவுக்கு உரியதாயிருந்தது. 1951-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் விரிந்தது. அதன் 170-ஆம் பிரிவு சேவைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் மனத்திற்கொள்ள வேண்டியது. ஒருவர் ஒப்படைத்த பொருளின்மேல் தம் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், தமக்குரிய கூலியைப் பெறும்வரை அப்பொருளைத் தம்மிடமே நிறுத்திவைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கடிகாரத்தைச் செப்பனிட்டவர் கூலி வரும்வரை கடிகாரத்தைக் கொடாதிருக்கலாம். ஆனால், அச்சட்டமே ஒரு தையற்காரரை எடுத்துக்காட்டாகக் காட்டி எச்சரிக்கிறது. மேலாடை தைத்து முடிந்ததும் கொடுத்துவிடுவதாகவும், கூலிக்கு மூன்று மாதம் தவணை தருவதாகவும் அவர் வாக்களித்துவிட்டால், ஆடையை நிறுத்திவைக்கும் உரிமை அவருக்கு இல்லை. முகத்துக்கு அஞ்சிச் சொல்லும் ‘பிறகு கொடுங்கள்’ என்ற சொல், சட்டம் தந்த கேடயத்தையே கீழே போட்டுவிடுகிறது.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மற்றொரு பாடம் தருகிறது. தவணை குறிக்காமல் செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும். கடந்துவிட்டால் நீதிமன்றத்தின் வாயில் அடைபடும். அக்காலத்துக்குள் கடனாளி தம் கையெழுத்துடன் ‘இவ்வளவு தரவேண்டியுள்ளது’ என்று எழுதிக்கொடுத்தால், அந்நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். ஆகையால், ஐம்பது ரூபாய் வாங்கினாலும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் பெறுவது பேராசையாகாது; முன்னறிவே ஆகும்.

நம் காலத்தில் பிறந்த சட்டம் இன்னும் வலிமை உடையது. சிறு தொழில்களுக்குத் தாமதமாகும் பணத்துக்கு வட்டி தரவேண்டும் என்று 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அதனை நீக்கி, சேவைத் தொழில்களையும் சேர்த்து, 2006-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி, குறு, சிறு தொழில் செய்பவரிடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்தில் தவணை குறித்திருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து நாற்பத்தைந்து நாட்களுக்கு மேற்படாமல் பணம் தரவேண்டும். தவணை குறிக்கவில்லையெனில் பதினைந்து நாட்களில் தந்துவிடவேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். குறை கூறுவதாயின் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் கூறவேண்டும். நாள் கடந்தபின் ‘வேலை சரியில்லை’ என்று சாக்குச் சொல்ல இடமில்லை. வழக்கை விசாரிக்க மாநிலந்தோறும் வசதி மன்றங்கள் அமைந்துள்ளன.

இச்சட்டத்தைப் பற்றிய ஒரு முக்கியத் தீர்ப்பும் கேரள வழக்கு ஒன்றிலேயே பிறந்தது. டயர்களுக்கு உரிய ரப்பர்ப் பொருள்களை வழங்கிய சில்பி இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்துக்கும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் இடையிலான வழக்கு அது. தொண்ணூறு விழுக்காடு விலை முதலிலும், எஞ்சிய பத்து விழுக்காடு பொருள் உழைத்த முறையைக் கண்டபின்னும் என்பது ஏற்பாடு. அப்பத்து விழுக்காட்டைக் குறித்தே வழக்கு எழுந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து சிறு தொழிலாளர் கொள்ளவேண்டியவை இரண்டு: காலவரையறை இவ்வகை வழக்குகளுக்கும் உண்டு, வேலையை ஒப்புக்கொள்ளுமுன்னரே தொழிலைப் பதிவு செய்து வைத்திருப்பது அறிவுடைமை. வெள்ளம் வந்தபின் அணை கட்ட இயலாது.

ஏடு காட்டும் வழி

இவ்வளவு சட்டங்கள் இருந்தும் சிறு தொழிலாளர் பெரும்பாலும் நீதிமன்றம் ஏறுவதில்லை. ஐந்நூறு ரூபாய்க்காக ஆயிரம் ரூபாய் செலவழிப்பார் யார்? மேலும், குடியேறிய சமுதாயத்தில் வாடிக்கைக்காரர் வெறும் வாடிக்கைக்காரர் அல்லர். அவர் அடுத்த வீட்டு அண்ணாச்சி; கோயிலில் காணும் மாமி; பிள்ளைக்கு வேலைக்குச் சொல்லி வைத்த பெரியவர். அவரிடம் கேட்பது எப்படி என்ற கூச்சமே வாயை அடைத்துவிடுகிறது. ‘தாட்சணியம் தன நாசம்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இதனால்தான். ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று கடை வாயிலில் எழுதித் தொங்கவிட்டதும் இதனால்தான். வாயால் சொல்லக் கூசியதைப் பலகை சொல்லிற்று.

வரலாற்றிலிருந்து சிறு தொழிலாளர் கொள்ளத்தக்க நெறிகளைத் தொகுத்துக் கூறுவோம். வேலையைத் தொடுமுன் கூலியையும் நாளையும் பேசி, ஒரு சிறு தாளிலேனும் எழுதிவிடவேண்டும். சக்கரமும் ரூபாயும் கற்பித்த பாடம் இது. பெரிய வேலையாயின் அச்சாரம் பெறவேண்டும். அச்சாரம் தயங்கும் இடத்தில் முழுக்கூலியும் தயங்கும். வேலை முடிந்த நாளன்றே கணக்கைக் கொடுத்துவிடவேண்டும். ஒரு மாதம் கழித்துக் கணக்குக் கொடுப்பவர், ‘எனக்கு அவசரமில்லை’ என்று தாமே அறிவித்தவராகிறார். பொருள் கையில் இருக்கும்போதே கூலியைக் கேட்கவேண்டும். கைவிட்டுப் போனபின் கேட்பது இரப்பதுபோல் ஆகிவிடும். ஒரே வாடிக்கைக்காரரை நம்பித் தொழிலை நிறுத்தலாகாது; அவர் தவணை தவறினால் அடுப்பும் அணையும். நினைவூட்டும்போது கடுஞ்சொல் வேண்டா. தேதியும் தொகையும் உள்ள ஏட்டைத் திறந்து காட்டினாலே போதும். ஏடு சினங்கொள்வதில்லை, பொய்யும் சொல்வதில்லை.

இவையனைத்துக்கும் மேலாக, வேலையும் சொன்ன நாளில் முடியவேண்டும். தீபாவளிக்குத் தைத்துத் தருவதாகச் சொன்ன சட்டையைக் கார்த்திகையில் கொடுப்பவர், கூலி பொங்கலுக்கு வந்தால் வருந்த உரிமையற்றவர். கௌடிலியர் இரு தட்டிலும் தண்டத்தை வைத்தது வீணன்று.

நம் கடமை

இறுதியாக, பணி கொள்ளும் நம்மைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். நம்மில் பெரும்பாலோர் மாதச் சம்பளம் பெறுவோர். முதல் தேதிக்கு வரவேண்டிய சம்பளம் மூன்றாம் தேதிக்கு வந்தால் எத்துணைப் பதற்றம் அடைகிறோம்! அதே நாம், துணி தேய்த்துக் கொடுப்பவரிடம் ‘மாதக் கடைசியில் சேர்த்து வாங்கிக்கொள்’ என்கிறோம். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அம்மையாரிடம் ‘அடுத்த மாதம் இரண்டுமாகத் தருகிறேன்’ என்கிறோம். முன்பெல்லாம் ‘சில்லறை இல்லை’ என்பது நம் சாக்கு. 2016-இல் யு.பி.ஐ. முறை வந்து, கைப்பேசியிலேயே காசு மாறும் காலம் பிறந்தபின், அச்சாக்கும் போயிற்று. எஞ்சியிருப்பது நம் மனம் ஒன்றே.

இவ்வகை ஆண்டு மலர்களையே எடுத்துக்கொள்வோம். விளம்பரம் கொடுத்தவர் பணம் அனுப்பத் தாமதிக்கிறார். ஆகவே, மலர் வெளியிடும் சங்கம் அச்சகத்தாருக்குக் கொடுக்கத் தாமதிக்கிறது. அச்சகத்தார் தாள் கடைக்கும், மெய்ப்புத் திருத்துபவருக்கும், அட்டை கட்டுபவருக்கும் தாமதிக்கிறார். அட்டை கட்டியவர் தம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்குகிறார். மேலே ஒருவர் அசட்டையாகச் சொன்ன ‘அடுத்த வாரம்’ என்ற சொல், கீழே இறங்கி வந்து, நாம் கண்ணால் கண்டிராத ஒரு சிறுமியின் மேல் விழுகிறது. மிளகுக் குடிகளுக்கு நின்ற விலை திருவிதாங்கூர் முழுவதையும் அரித்ததும் இவ்வழியேதான். எந்தச் சங்கமாயினும், தன் விழா மேடையில் தமிழின் பெருமை பேசுமுன், பந்தல் போட்டவருக்கும் ஒலிபெருக்கி வைத்தவருக்கும் கணக்குத் தீர்ந்ததா என்று பார்த்துவிடுமாயின், அதுவே தமிழுக்குச் செய்யும் சிறந்த தொண்டுகளுள் ஒன்றாகும்.

நம் முன்னோர் இந்நகருக்கு வந்தபோது கையில் கொண்டுவந்தது பெரும்பொருள் அன்று, கணக்கேடும் நாணயமுமே. அவ்வேட்டின் வரவுப் பக்கத்தை நிரப்பக் கற்ற நாம், பற்றுப் பக்கத்தையும் நாள் தவறாது தீர்க்கக் கற்போமாக. ஊதியத்தை நம்பி ஒருவர் நமக்காக உழைத்திருக்கிறார் என்றால், அவர் நம்மை நம்பியிருக்கிறார் என்பது பொருள். அந்நம்பிக்கையை ஒரு நாளேனும் காக்க வைப்பது நமக்கு அழகன்று.

வாழ்க உழைப்பு! வளர்க நாணயம்!